சிலிண்டருக்கு வெள்ளை அடித்தவள் நான்

அருள், இந்தக் கடிதத்தை உனக்கு முன்னால் வேறு ஒருவர் படித்துவிடுவார். ஜெயிலுக்கு வருகிற தபாலைப் பிரித்துப் பார்த்த பிறகுதான் கையில் கொடுப்பார்கள் என்று நீயே சொன்னாய். படிக்கட்டும். படிக்கிற ஐயா, நீங்கள் யாராக இருந்தாலும் நிதானமாகப் படியுங்கள், ஒரு வரியையும் அடித்துவிடாதீர்கள். இதில் ரகசியம் ஒன்றும் இல்லை. இதையே ஜெராக்ஸ் எடுத்து நம் வக்கீலுக்கு ஒன்று, பங்குச் சாமியாருக்கு ஒன்று, பனித்திட்டு கலியமூர்த்திக்கு ஒன்று கொடுக்கப்போகிறேன். கலியமூர்த்தி யார் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நம் கடையில் ஆக்சிஜன் சிலிண்டர் வாங்கிக்கொண்டு போய், அதிலிருந்து மூச்சு இழுத்துக்கொண்டிருந்த மனைவி வள்ளியைப் பறிகொடுத்தவர். அந்தச் சிலிண்டரை விற்ற குற்றத்துக்குத்தான் நீ ஏழு வருடத் தண்டனை வாங்கிக் காலாப்பட்டு ஜெயிலில் உட்கார்ந்திருக்கிறாய். அதை நீ விற்கவில்லை, நான் விற்றேன். இத்தனை நாள் உனக்கும் எனக்கும் மட்டும் தெரிந்திருந்த இந்தச் சங்கதி இனி எல்லோருக்கும் தெரியட்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

உன் அப்பா மாரடைப்பில் போனபோது நீ பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தாய். வெல்டிங் பட்டறைகளுக்கு ஆக்சிஜன் கொடுக்கிற நம் கடையை மூடிவிட்டு உன்னையும் அழைத்துக்கொண்டு பாகூருக்கே வந்துவிடச் சொல்லி மாமாக்கள் கூப்பிட்டார்கள். நான் போகவில்லை. ஆள் உயரச் சிலிண்டரைச் சாய்த்துப் பிடித்து, அதன் அடிவிளிம்பிலேயே உருட்டிக்கொண்டு போய் வண்டியில் ஏற்றுவதற்கு ஒரே மாதத்தில் கற்றுக்கொண்டேன். அரியூர் ரோட்டில் போகிற வருகிறவர்கள் எல்லாம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அப்போது வந்த திமிர்தான், என்னை யாரும் அசைக்க முடியாது என்கிற திமிர். அதைத் தைரியம் என்று நினைத்துக்கொண்டேன், ஊரும் அப்படியே சொன்னது. புருஷன் இல்லாதவள் எப்படிக் கடை நடத்துகிறாள் பார் என்று மாதா கோயில் பூசைக்கு வருகிற பெண்கள் பேசுவது காதில் விழும்போது அடேயப்பா, அந்தச் சுகத்தை என்ன சொல்வேன். உனக்கு அதெல்லாம் பிடிக்காது. கூட்டத்தில் என் பக்கத்தில் நிற்காமல் செருப்புக் கழற்றுகிற இடத்திலேயே நின்றுகொண்டிருப்பாய்.

நீ பிறந்ததிலிருந்தே அப்படித்தான். ஐந்தாம் வகுப்பில் கணக்கு டீச்சர் உனக்கு ஒன்பது மார்க் கூடுதலாகக் கூட்டிவிட்டார்கள், ஞாபகம் இருக்கிறதா? வீட்டில் காட்டிவிட்டுச் சந்தோஷமாக இருக்க வேண்டியவன், மறுநாள் அந்தப் பேப்பரை எடுத்துக்கொண்டு போய், "டீச்சர், தப்பா கூட்டியிருக்கீங்க" என்று குறைத்து வாங்கிக்கொண்டு வந்தாய். நான் அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்தேன். "மார்க்கு உன்ன தேடினு வருது, நீ தொரத்தி வுட்டுட்டு வர்றியா? நீயெல்லாம் பொழைப்பியாடா?" என்று முட்டியில் ஒன்று போட்டேன். நீ அழவில்லை. "தப்பா இருந்துச்சும்மா" என்று மட்டும் சொன்னாய். அதற்குப் பிறகு நீ எப்போது தப்பு என்று ஏதாவது சொன்னாலும், "வந்துட்டாரு பெரிய ஜட்ஜு" என்று சிரித்து உன் வாயை அடைத்தேன். பிள்ளை பொய் சொன்னால் அடிக்கிற அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன். நான் உண்மை சொன்னதற்கு அடித்தவள். இப்போது நினைத்தால் கை கூசுகிறது.

நோயாளி மூச்சுக்குப் போகிற ஆக்சிஜன் சட்டத்தில் மருந்து. அதை விற்க மருந்து லைசென்ஸ் வேண்டும், பார்த்துக் கொடுப்பதற்குப் படித்த ஆள் ஒருவர் வேண்டும். நீ டி.பார்ம் முடித்ததும் லைசென்ஸை உன் பெயரில் எடுக்க வைத்தேன். உனக்கோ பாகூரில் மெடிக்கல் ஷாப்பில் வேலை கிடைத்திருந்தது, அதை விட மனசில்லை. அதற்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் உன்னை உட்கார வைத்து, வாரம் முழுக்கப் போகப்போகிற சிலிண்டர்களுக்கு வெறும் பில்லில் வரிசையாகக் கையெழுத்து வாங்கிக்கொள்வேன். மேலே எல்லாக் கட்டமும் காலி, அடியில் மட்டும் உன் கையெழுத்து. "பார்க்காத சிலிண்டருக்கு நான் எப்பிடிம்மா கையெழுத்து போடறது?" என்று முதல் வாரமே கேட்டாய். "கையெழுத்து போட கண்ணு எதுக்குடா, கை இருந்தா போதும். போடு, மீன் கொழம்பு ஆறுது" என்றேன். நீ போட்டாய். உனக்கு வஞ்சிர மீன் துண்டு இரண்டு வைப்பேன். அம்மா பிள்ளைக்குச் செய்கிற பாசம் என்றுதான் அதையும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கொரோனா இரண்டாவது தடவை வந்தபோது நம் கடை வாசலில் நின்ற ஜனங்களை நீயும் பார்த்தாய். கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு நின்றார்கள். அப்போது தொழிற்சாலைச் சிலிண்டரையும் கழுவி, சோதித்து, மருத்துவத்துக்கு மாற்றலாம் என்று அரசாங்கமே சொன்னது. கழுவி சோதித்து என்பதை விட்டுவிட்டேன், மாற்றலாம் என்பதை மட்டும் பிடித்துக்கொண்டேன். வெல்டிங் சிலிண்டர் முழுக்கக் கறுப்பு. மெடிக்கல் சிலிண்டருக்குக் கழுத்து மட்டும் வெள்ளை. ஒரு டப்பா பெயிண்டும் ஒரு பிரஷும் இருந்தால் வேலை முடிந்தது. ஒரு நாள் பின்கட்டில் ஈரப் பிரஷைப் பார்த்துவிட்டு நீ சத்தம் போட்டாய். உன் குரல் அவ்வளவு உயர்ந்ததை நான் அதற்கு முன் கேட்டதில்லை. "காத்துக்கு இன்னாடா சர்டிபிகேட்டு? நீயும் நானும் இழுக்கறமே, சர்டிபிகேட்டு பார்த்தா இழுக்கறோம்?" என்று நானும் கத்தினேன். நீ குரலை இறக்கிச் சொன்னாய்: "வெல்டிங் சிலிண்டருக்குள்ள இன்னா இருக்குன்னு யாருக்கும் தெரியாதும்மா. துரு இருக்கும், தண்ணி இருக்கும், எண்ணெய் இருக்கும். இரும்ப அறுக்க அது போதும். மனுஷனுக்கு ஆவாது." இனிமேல் செய்யமாட்டேன் என்று மாதா மேல் சத்தியம் பண்ணு என்றாய். பண்ணினேன். அதற்குப் பிறகும் செய்தேன் அருள். எத்தனை தடவை என்று கேட்டால் எனக்கே தெரியாது. நீ என் சத்தியத்தை நம்பித்தான் ஞாயிறுதோறும் கையெழுத்துப் போட்டாய்.

கலியமூர்த்தி வந்தது பொங்கல் முடிந்த மறுநாள், உச்சி வெயில் நேரம். காலிச் சிலிண்டரை லோடு ஆட்டோவில் போட்டுக்கொண்டு பனித்திட்டிலிருந்து வந்திருந்தார். வள்ளிக்கு நுரையீரல் சுருங்கிப்போய், ஒரு வருடமாக வீட்டிலேயே ஆக்சிஜன் வைத்துக்கொண்டிருந்தாள். "வூட்ல இருக்கறது சாயங்காலம் வரைக்கும் தாங்கும்க்கா, அதுக்குள்ள போவணும்" என்றார். என்னிடம் மெடிக்கல் சிலிண்டர் ஒன்றுகூட இல்லை. நிரப்புகிற கம்பெனிக்குப் பொங்கல் லீவு, லோடு வரவில்லை. இல்லைப்பா, அவளை உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ என்று சொல்லியிருந்தால் தீர்ந்தது. சாயங்காலம் வரை நேரம் இருந்தது. ஆனால் இந்தக் கடையில் இல்லை என்ற பேச்சே கிடையாது என்று பெருமை அடித்துக்கொண்டிருந்தவள் நான். "டீ குடிச்சிட்டு வாப்பா, ரெடி பண்ணி வைக்கிறேன்" என்று அனுப்பிவிட்டு, பின்கட்டில் ஒரு வெல்டிங் சிலிண்டருக்கு வெள்ளை அடித்தேன். பழைய சிலிண்டரில் இருந்த லேபிளைப் பிய்த்து ஒட்டினேன். நீ கையெழுத்துப் போட்ட பில்லை நிரப்பினேன். அவர் திரும்பி வந்து பார்த்து, "புது சிலிண்டராக்கா?" என்று சந்தோஷமாகக் கேட்டார். "ஆமாப்பா, கழுத்த தொடாத, ஈரமா இருக்கு" என்றேன். தூசு ஒட்டக்கூடாது என்று தன் தோள் துண்டை எடுத்து அதற்குப் போர்த்தி, குழந்தையைப் பிடிக்கிற மாதிரிப் பிடித்துக்கொண்டு போனார்.

மறுநாள் காலையிலேயே வள்ளி போய்விட்ட சேதி வந்துவிட்டது. இரண்டு நாள் கழித்து மருந்து இன்ஸ்பெக்டர் ஜீப்பில் வந்து இறங்கினார். சாம்பிள் எடுத்தாகிவிட்டது, சிலிண்டரும் பில்லும் அவர் கையில். "லைசென்ஸ் யார் பேர்ல?" என்று கேட்டார். "பையன் பேர்ல" என்றேன். அவர் கேட்டது ஒரே கேள்வி, நான் சொன்னதும் பொய் இல்லை. அதோடு நிறுத்திக்கொண்டேன். பெயிண்ட் அடித்தது நான், விற்றது நான் என்று சொல்லவில்லை. போன் போட்டு உன்னை வரவழைத்தார்கள். மெடிக்கல் ஷாப்பிலிருந்து சட்டைப் பையில் பேனாவோடு அப்படியே வந்தாய். பில்லைக் காட்டி, "இது உன் கையெழுத்தா?" என்றார். நீ பில்லைப் பார்த்தாய், சிலிண்டர் கழுத்தைப் பார்த்தாய், பிறகு என்னைப் பார்த்தாய். "என் கையெழுத்துதான் சார்" என்றாய். ஜீப் கிளம்பியதும் நான் ஓடிப்போய் செய்த முதல் வேலை என்ன தெரியுமா? நீ கையெழுத்துப் போட்டு, இன்னும் எழுதாத பில் புக்கை எடுத்து அரிசி டிரம்மில் புதைத்தேன். உனக்குக் கெடுதலாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். நீ பார்க்காமல் போட்ட கையெழுத்து என்று தெரிந்தால், பிறகு விற்றது யார் என்ற கேள்வி வரும். அதற்குப் பயந்து ஒளித்தேன்.

ஜாமீனில் வந்து இரண்டு வருடம் வீட்டில் இருந்தாய். வாய்தா வாய்தாவாகக் கோர்ட்டுக்கு அலைந்தாய். ஒரு நாள் மத்தியானம் சாப்பிடும்போது, தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாய்: "கோர்ட்டுல நீ வாய தொறக்காதம்மா. உனக்கு சுகரு கீது, காலு புண்ணு வேற ஆறல. உள்ள நீ தாங்கமாட்ட. நான் பார்த்துக்கறேன்." அப்போது நான் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்திருக்க வேண்டும். உன் கன்னத்தில் ஒன்று விட்டு, நான் செய்ததற்கு நீ எதுக்குடா போவணும் என்று கேட்டிருக்க வேண்டும். ஒன்பது மார்க்குக்கு ஓங்கிய கை, அன்றைக்குச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தது. உனக்கு இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினேன். அவ்வளவுதான் செய்தேன். வயசுப் பிள்ளை, வக்கீல் பார்த்துக்கொள்வார், சும்மா அபராதம் போட்டு விட்டுவிடுவார்கள் என்று உள்ளுக்குள் ஒரு கணக்கு. பெற்றவள் போடுகிற கணக்கா அது? சீ.

தீர்ப்பு நாளில் ஜட்ஜ் அம்மா வாசித்ததை நான் முழுக்கக் கேட்டேன். வள்ளிக்கு ஏற்கெனவே நுரையீரல் கெட்டிருந்ததால் இந்தக் காற்றால்தான் செத்தாள் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் அதை நிரூபிக்கத் தேவையும் இல்லை என்றார். மருந்து என்று பெயர் ஒட்டி மருந்தல்லாததை விற்றாலே அது போலி மருந்து, அதற்குச் சட்டத்தில் குறைந்த தண்டனையே ஏழு வருடம் என்றார். நான் காற்று காற்று என்று சொல்லிக்கொண்டிருந்தது அவர் வாயில் எப்படி மாறிவிட்டது பார். உன்னை வண்டியில் ஏற்றும்போது கலியமூர்த்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, குனிந்து, மண்ணை வாரி உன் மேல் தூற்றினார். "எம் பொண்டாட்டி மூச்சுல வெளாண்டியே, நீ நல்லா இருப்பியா? உன் வம்சம் வெளங்குமா?" என்று கத்தினார். உன் தலையிலும் சட்டையிலும் மண். நீ தட்டிக்கூட விடவில்லை. நான் பத்தடி தள்ளி, புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். ஐயோ பாவம் தாய் என்று இரண்டு பெண்கள் வந்து என்னைத் தாங்கிப் பிடித்தார்கள்.

தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். முழங்காலில் நின்று ஒன்றுவிடாமல் சொன்னேன், பெயிண்ட், லேபிள், சத்தியம், டிரம் எல்லாம். அழுது முடித்ததும் மனசு லேசாகிவிட்டது. சாமி ஐம்பத்துமூன்று மணி ஜெபமாலை சொல்லச் சொல்வார், நான்கு சனிக்கிழமை ஒருவேளை சாப்பாட்டோடு ஒருசந்தி இருக்கச் சொல்வார், முடிந்தது என்று காத்திருந்தேன். அவர் அதெல்லாம் எதுவும் சொல்லவில்லை. "ஆண்டவர்கிட்ட சொல்லிட்டீங்க. அவருக்குத்தான் முன்னாடியே தெரியுமேம்மா. தெரியாதவங்ககிட்ட எப்ப சொல்லப்போறீங்க?" என்றார். எனக்கு வந்ததே கோபம். "நீங்க சொல்லுவீங்க சாமி, உங்களுக்கு இன்னா, புள்ளையா குட்டியா" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். இதைச் சாமியார் வெளியே சொல்லக்கூடாது. என் பாவம், நான் சொல்லலாம். வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்து அரிசி அளக்க டிரம்மில் கையை விட்டேன். விரல் நுனியில் அந்தப் பில் புக் பட்டது. அன்றைக்கு உலை வைக்கவில்லை.

மறுநாள் பனித்திட்டுக்குப் பஸ் ஏறினேன். கலியமூர்த்தி வீட்டு வாசலில் ஐஸ் பெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "உம் புள்ளைக்கு பரிஞ்சு பேச வந்தியா? வந்த வழியே போயிடு" என்றார். "புள்ளைக்காக வரலப்பா. அந்த சிலிண்டருக்கு பெயிண்டு அடிச்சது நான். உனக்கு வித்தது நான்தான? நீ பார்த்த இல்ல? எம் புள்ள அன்னிக்கு பாகூர்ல வேலைல இருந்தான். அவனுக்கு ஒண்ணும் தெரியாது" என்றேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். அவர் பெட்டி ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். "நீ குடுத்தது மட்டும்தான், உள்ள இன்னா இருக்குதுன்னு படிச்சவனுக்குத்தான் தெரியும்னு எல்லாரும் சொன்னாங்களேக்கா" என்றார். பிறகு எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னார்: "நாறுதுங்கன்னு சொன்னா. ரெண்டு வாட்டி சொன்னா. மூக்குலேர்ந்து எடுக்க எடுக்க நான்தான் மறுபடி மாட்டி வுட்டேன். படிச்ச புள்ள கையெழுத்து போட்டு குடுத்துகீது, பேசாம இழுடின்னு அதட்டினேன்." அந்த ஆள் அழுததை நான் எழுத மாட்டேன். கிளம்பும்போது ஒன்று மட்டும் சொன்னார்: "தப்பான ஆளு மேல மண்ண வாரி தூத்திட்டனேக்கா. அத நான் எப்பிடி திரும்ப எடுக்கறது?"

அதற்கு மேல் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. வக்கீலிடம் பில் புக்கைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். புரட்டிப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். உண்மையை மறைக்காமல் சொன்னார் மனுஷன். "நீங்க வாக்குமூலம் குடுத்தா உங்க மேல கேஸ் வரும், இந்த வயசுல உள்ள போவீங்க. அதுக்காக அருள் நாளைக்கே வெளிய வந்துருவான்னு நான் சொல்லமாட்டேன். பார்க்காம கையெழுத்து போட்டதும் தப்புதான். ஹைகோர்ட்ல தண்டனை குறையலாம், குறையாமலும் போகலாம்" என்றார். அப்படியானால் எதற்கு என்று போன சனிக்கிழமை நீ கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு கேட்டாய். "ரெண்டு பேரும் உள்ள இருந்து இன்னாம்மா ஆவப்போவுது? நீ பேசாம வூட்ல இரு" என்றாய். நீ சொன்னது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் அருள், உன்னைப் பார்த்து இன்னொருவன் மண் தூற்றக்கூடாது. நீ எப்போது வெளியே வந்தாலும், மூச்சில் விளையாடியவன் என்று எவனும் உன்னைக் காட்டிப் பேசக்கூடாது. அதற்காகத்தான் போகிறேன்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. இருந்தாலும் பெற்றவள், வாய் சும்மா இருக்காது. உனக்கு ஒரு காலத்தில் பிள்ளை பிறந்தால், அது உன்னிடம் வந்து இது தப்பு என்று சொன்னால், அன்றைக்கு வேலையை நிறுத்திவிட்டு உட்கார்ந்து கேள். சொல் பேச்சுக் கேட்கிற பிள்ளை என்று உன்னை ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். என் பேச்சைக் கேட்டுக் கேட்டுத்தான் நீ அங்கே போய்ச் சேர்ந்தாய். ஹைகோர்ட்டில் உன்னைக் கேட்பார்கள். அப்போது என்னைக் காப்பாற்றப் பார்க்காதே. என் அம்மா செய்தாள் என்று சொல். சொல்லும்போது குரல் நடுங்கினால் நடுங்கட்டும். மன்னித்துவிடு என்று நான் கேட்கவில்லை, அதைக் கேட்கிற இடம் முதலில் பனித்திட்டில் இருக்கிறது.

நாளை வெள்ளிக்கிழமை. காலையில் வக்கீலோடு ஸ்டேஷனுக்குப் போகிறேன். கடையைப் பூட்டியாகிவிட்டது. மாத்திரைகளைத் தனித்தனியாகக் கட்டி வைத்துக்கொண்டேன், கால் புண்ணுக்குத் துணியும் எடுத்துக்கொண்டேன், என்னை நினைத்துக் கவலைப்படாதே. உன்னைப் பார்க்க வர என்னை விட்டால் வேறு யாரும் இல்லை, அது ஒன்றைத்தான் திரும்பத் திரும்ப யோசித்துக்கொண்டிருக்கிறேன். மாமாவிடம் சொல்லியிருக்கிறேன், வருவாரா தெரியவில்லை. சனிக்கிழமை பார்க்க வந்தவர்களின் பெயரை வாசிக்கும்போது, குளித்துச் சட்டை மாற்றிக்கொண்டு கதவுப் பக்கம் வந்து நிற்காதே அருள். நான் வரமாட்டேன்.